டேனரித் தொழிலாளர் ஆய்வுக்கு மருத்துவ நூலகத்தில் எங்கே தேடுவது?

ஆம்பூரைச் சேர்ந்த எம்.எஸ்சி. நர்சிங் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். கம்யூனிட்டி ஹெல்த் பிரிவு. டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை செய்பவர்களுக்குக் கையில் வரும் அரிப்பு, வெடிப்பு, புண் இவற்றைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறார். ரிவியூ ஆஃப் லிட்ரேச்சர், அதாவது முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து எழுதும் பகுதி, போதாது என்று கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். கூகுளில் தேடினால் அதே பத்துக் கட்டுரைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நூலகத்துக்குப் போனால் எந்த அலமாரி முன் நிற்பது என்றே தெரியவில்லை. வேலூரில் இருக்கும் பெரிய மருத்துவக் கல்லூரி நூலகங்களுக்குள் வெளி ஆளை விடுவார்களா, காசு கேட்கும் கட்டுரைகளை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார்.

நான் மருத்துவர் இல்லை. நர்சிங் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவன். தேடுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மருத்துவத்தைக் கைடிடம் கேளுங்கள்.

முதலில் ஒன்று. உங்கள் தலைப்பு எந்த நூலகத்திலும் ஒரே அலமாரியில் இருக்காது. அரிப்பு தோல் நோய்ப் பகுதியில் இருக்கும். அது வேலையால் வந்தது என்பது தொழில்சார் சுகாதாரத்தில் இருக்கும். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் நச்சியலில் இருக்கும். தோலைப் பதனிடும் முறை மருத்துவ நூலகத்திலேயே இருக்காது, பொறியியல் பக்கம் போய்விடும். ‘டேனரி அரிப்பு’ என்று ஒரே மூச்சில் தேடினால் இந்த நான்கும் சந்திக்கும் சின்ன மூலை மட்டும்தான் கிடைக்கும். அதே பத்துக் கட்டுரைகள் சுற்றிச் சுற்றி வருவது அதனால்தான். தலைப்பை உடைத்துத் தேட வேண்டும்.

உடைப்பதற்கு முன் கேள்வியைக் கூர்மையாக்குங்கள். ஆம்பூர்க்காரர் என்பதால் உங்களுக்கே தெரியும், டேனரி என்றால் ஒரே வேலை இல்லை. சுண்ணாம்புக் குழிப் பக்கம் நிற்பவர் கையில் படுவது சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும். தோலைப் பதனிடும் டிரம் பக்கம் நிற்பவருக்கு குரோமியம் உப்பு. ஃபினிஷிங்கில் இருப்பவருக்குச் சாயமும் வேறு ரசாயனங்களும். முதலாமவருக்குப் பெரும்பாலும் நேரடி எரிச்சலால் வரும் புண், இரண்டாமவருக்கு ஒவ்வாமையாகவும் வரலாம். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்களைச் சேர்த்தால் பசை, சால்வென்ட் என்று கதை வேறு பக்கம் போகும். இவர்களில் யாரை எடுக்கிறீர்கள் என்று முடிவு செய்யாமல் நூலகத்துக்குப் போனால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் கையில் ஒன்றும் நிற்காது. யார், எதனால், யாரோடு ஒப்பிட்டு, என்ன விளைவு என்ற நான்கையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிகோ என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்களே, அதுதான். அந்தக் காகிதத்தோடு நூலகரிடம் போங்கள். ‘டேனரி பற்றி ஏதாவது இருக்கா சார்?’ என்று கேட்பவருக்கும் இந்தக் காகிதத்தை நீட்டுபவருக்கும் கிடைக்கும் உதவியில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

அலமாரிக்கு வருவோம். மருத்துவ நூலகங்களில் இரண்டு விதமான எண் முறைகளைப் பார்ப்பீர்கள். நர்சிங் கல்லூரிகள் பலவற்றில் டியூயி முறை இருக்கும். அதில் நர்சிங் 610.73, தோல் நோய்கள் 616.5, தொழில்சார் சுகாதாரம் 613.62, தோல் பதனிடுதல் 675. பெரிய மருத்துவ நூலகங்கள் சில அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் முறையை வைத்திருக்கும். அதில் எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து வரும். டபிள்யூஆர் தோல் நோய், டபிள்யூஏ பொது சுகாதாரம், அதற்குள் 400இல் தொடங்கி தொழில்சார் மருத்துவம். டபிள்யூஒய் நர்சிங். க்யூவி மருந்தியல், அதில் 600இலிருந்து நச்சியல். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஓபேக்கில், அதாவது நூலகத்தின் கணினிப் பட்டியலில், உங்கள் தலைப்புக்குப் பொருத்தமான ஒரே ஒரு புத்தகத்தைக் கண்டுபிடியுங்கள், அதன் முதுகில் ஒட்டியிருக்கும் அலமாரி எண்ணை (கால் நம்பர்) குறித்துக்கொண்டு அந்த அலமாரிக்குப் போய் இரண்டு பக்கமும் ஒரு கை நீளத்துக்குப் பாருங்கள். கணினி காட்டாத புத்தகம் அங்கே கண்ணில் படும்.

புத்தகம் எதற்கு, கட்டுரை போதாதா என்று கேட்பீர்கள். தொழில்சார் தோல் நோய் பற்றி ஒரு நல்ல பாடநூல் அத்தியாயத்தை முதலில் படித்தால், பிறகு கட்டுரைகளில் வரும் கலைச்சொற்கள் எல்லாம் பிடிபடும். கடைசிப் பதிப்பா என்று மட்டும் பாருங்கள். பின்னணிக்குப் புத்தகம், புதிய கண்டுபிடிப்புக்குக் கட்டுரை. ரிவியூவில் பாடநூலை மேற்கோளாக அடுக்கினால் கைடு மறுபடி திருப்பித்தான் கொடுப்பார்.

இப்போது பப்மெட், மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளம். 1879இல் அச்சில் தொடங்கிய மருத்துவக் கட்டுரை அட்டவணைதான் படிப்படியாகக் கணினிக்கு வந்து, 1997இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறக்கப்பட்டது. வீட்டிலிருந்தே பார்க்கலாம், சந்தா தேவையில்லை. ஆனால் அதில் எல்லாவற்றுக்கும் முழுக் கட்டுரை இருக்காது, பெரும்பாலும் சுருக்கம்தான்.

உங்கள் தலைப்பில் பப்மெட் இரண்டு இடத்தில் காலை வாரும். ‘டேனிங்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் வெள்ளைக்காரர்கள் வெயிலில் படுத்துத் தோலைக் கருக்கிக்கொள்வதைப் பற்றிய கட்டுரைகள் வந்து குவியும். சரி, ‘டேனர்’ வரை அடித்து நட்சத்திரக் குறி போட்டால் டேனரி, டேனரிகள் எல்லாம் சேர்ந்து வருமே என்று நினைப்பீர்கள். வரும். கூடவே பருவ வளர்ச்சியை அளக்கும் டேனர் நிலைகள் பற்றிய குழந்தை மருத்துவக் கட்டுரைகளும் மொத்தமாக வரும். டேனரி என்ற சொல்லை ஒருமையிலும் பன்மையிலும் தனித்தனியாக அடித்து, நடுவில் ‘ஆர்’ (OR, அல்லது) போடுவதுதான் சுத்தம். ‘லெதர்’ என்பதையும் அதோடு சேருங்கள்.

இதைவிட நல்ல வழி மெஷ். பப்மெட்டின் முக்கியப் பகுதியான மெட்லைனில் இருக்கும் கட்டுரைகளுக்கு இன்ன பொருள் பற்றியது என்று ஒரே சீரான தலைப்புச் சொற்களை ஒட்டுகிறார்கள். அந்தச் சொற்பட்டியல்தான் மெஷ். அதில் ‘டேனிங்’ என்பது தோல் பதனிடுவதை மட்டும் குறிக்கும், வெயில் சமாச்சாரத்துக்குத் தனித் தலைப்பு இருக்கிறது. ‘டெர்மடைட்டிஸ், ஆக்குபேஷனல்’ என்று இன்னொரு தலைப்பு இருக்கிறது, உங்களுக்கு அளவெடுத்துத் தைத்தது. ‘குரோமியம்’ தனி. மெஷ் பக்கத்தில் ஒவ்வொன்றையும் தேடி, அதன் கீழே என்னென்ன துணைத்தலைப்புகள் வருகின்றன என்று பாருங்கள். எந்தச் சொல்லால் தேட வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மெஷ்ஷை மட்டும் நம்பவும் கூடாது. பப்மெட்டில் இருக்கும் எல்லாக் கட்டுரைக்கும் மெஷ் ஒட்டியிருக்காது, நம் ஊர் இதழ்கள் பலவற்றின் கட்டுரைகள் அப்படித்தான். ஒவ்வொரு கருத்துக்கும் மெஷ் சொல்லையும் சாதாரணச் சொற்களையும் ‘ஆர்’ போட்டு ஒரு மூட்டையாகக் கட்டுங்கள். வேலையிடத்துக்கு ஒரு மூட்டை, நோய்க்கு ஒரு மூட்டை, ரசாயனத்துக்கு ஒரு மூட்டை. பிறகு மூட்டைகளை ‘ஆண்ட்’ (AND) போட்டுச் சேருங்கள். ‘ஆண்ட்’, ‘ஆர்’ இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும். மூன்று மூட்டையையும் சேர்த்து மிகக் குறைவாக வந்தால் ரசாயன மூட்டையை அவிழ்த்துவிட்டுப் பாருங்கள். அதற்கும் பஞ்சம் என்றால் டேனரியை விட்டுவிட்டு, குரோமியத்தால் கைப்புண் வரும் சிமெண்ட் வேலைக்காரர்கள், முலாம் பூசுபவர்கள் பற்றித் தேடுங்கள். அந்த ஆய்வுகள் உங்கள் ரிவியூவில் தாராளமாக இடம்பெறலாம்.

அடுத்தது ஊர்ப்பெயர். வெளியூர் நூலகருக்கு இது தெரியாது. நம் மாவட்டத்தில் ஏற்கெனவே யாராவது ஆய்வு செய்திருக்கிறார்களா என்று பார்க்க ‘வேலூர்’ என்று பப்மெட்டில் அடித்தால் அங்கிருக்கும் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியிலும் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்திலும் இருப்பவர்கள் எழுதிய எல்லாமே வந்து விழும். எழுதியவரின் முகவரியில் வேலூர் இருக்கிறதல்லவா! தேடலைத் தலைப்பு, சுருக்கம் என்ற பகுதிகளுக்குள் மட்டும் கட்டுப்படுத்துங்கள். அதோடு நம் மாவட்டத்தின் பெயர் எத்தனை தடவை மாறியிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். 1989 வரை திருவண்ணாமலையும் சேர்ந்து வட ஆற்காடு. பிறகு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், அப்புறம் வேலூர். 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஆக, பழைய ஆய்வுகள் ‘நார்த் ஆற்காடு’ என்ற பெயரில்தான் கிடக்கும். மாவட்டத்தில் பரவும் நோய்களைக் கண்காணிக்க சி.எம்.சி. மருத்துவர் ஜேக்கப் ஜான் குழுவினர் உருவாக்கிய அமைப்பின் பெயரிலேயே நார்த் ஆற்காடு இருக்கிறது. வேலூர் என்று மட்டும் தேடினால் அந்தத் தலைமுறை வேலை முழுக்கத் தவறிப்போகும்.

ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒரு தொல்லை. வாணியம்பாடியை நடுவில் ‘ஒய்’ போட்டும் எழுதுகிறார்கள், போடாமலும் எழுதுகிறார்கள். ராணிப்பேட்டை பாதிப் பேர் கையில் ராணிப்பேட். திருப்பத்தூருக்கு எத்தனை விதம் என்று எண்ணவே முடியாது, போதாக்குறைக்கு சிவகங்கை மாவட்டத்தில் இன்னொரு திருப்பத்தூர். எல்லா வடிவத்தையும் ‘ஆர்’ போட்டு ஒரே மூட்டையில் கட்டிவிடுங்கள்.

பப்மெட்டுக்கு வெளியேயும் பார்க்க வேண்டியது உண்டு. சென்னை கிண்டியில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுக் களஞ்சியம் இணையத்தில் இருக்கிறது. எம்.டி., எம்.எஸ். ஆய்வேடுகளோடு எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேடுகளும் முழுதாகக் கிடைக்கும். உங்களுக்கு முன்னால் யார் என்ன செய்தார்கள், எந்தக் கருவியால் அளந்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அங்கிருக்கும் ரெஃபரன்ஸ் பட்டியலைப் படிக்காமலே அப்படியே எடுத்துத் தன் ஆய்வேட்டில் ஒட்டுகிறார்களே, அதைச் செய்யாதீர்கள். யாரோ ஒருவர் ஆண்டைத் தப்பாகப் போட்டிருப்பார், அடுத்த ஐந்து ஆய்வேட்டில் அதே தப்பு வரிசையாக வரும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) உட்காரும் தேர்வாளர் இதைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்.

தோல் பதனிடும் முறைக்கு அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1948இலிருந்து. எந்தக் கட்டத்தில் எந்த ரசாயனம் என்ற பின்னணி வேண்டுமானால் அவர்கள் வெளியீடுகள் உதவும். பாலாற்றங்கரை டேனரிக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் கொடுத்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பும் இணையத்தில் இருக்கிறது. அது சுற்றுச்சூழல் பற்றியது, உங்கள் ஆய்வுக்கு அறிமுகத்தில் ஒரு பத்தி போதும், அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

கேள்வித்தாளை நீங்களே புதிதாக உருவாக்குவதற்கு முன், தொழில்சார் தோல் நோய்க்கென்றே நார்டிக் நாடுகளில் 2002இல் தயாரித்த நார்டிக் ஆக்குபேஷனல் ஸ்கின் கொஸ்டினேரைப் பாருங்கள். தமிழில் பயன்படுத்த மொழிபெயர்ப்பும் சரிபார்ப்பும் தேவைப்படும். எந்தக் கருவியாக இருந்தாலும் உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, அந்தக் கடிதத்தை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வையுங்கள்.

ஒரு நல்ல கட்டுரை கிடைத்துவிட்டால் அதை வைத்து முன்னும் பின்னும் போங்கள். அதன் ரெஃபரன்ஸ் பட்டியல் பழையதைக் காட்டும். கூகுள் ஸ்காலரில் ‘சைட்டட் பை’ என்பதை அழுத்தினால் அதற்குப் பிறகு வந்ததைக் காட்டும். பத்துத் தேடலில் கிடைக்காதது சில சமயம் இந்த ஒரு அழுத்தலில் கிடைக்கும்.

தேடியதை ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, எந்தத் தளம், என்ன சொற்கள், எத்தனை வந்தது, எத்தனை எடுத்தீர்கள். அலுப்பான வேலைதான். ஆனால் எப்படித் தேடினாய் என்று கைடு கேட்டால் நோட்டை நீட்டிவிடலாம். கட்டுரைகளை ஜோட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருளில் சேருங்கள், இலவசம். மேற்கோள்களுக்கு வரிசை எண் தரும் வான்கூவர் முறையில் எண் போடுவதை அதுவே பார்த்துக்கொள்ளும். பின்னால் திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதாவது உங்கள் பட்டியலில் இருந்தால் சிவப்பில் எச்சரிக்கவும் செய்யும்.

ஏ.ஐ. சாட்பாட்டிடம் ரெஃபரன்ஸ் கேட்பது இப்போது எல்லோரும் செய்வதுதான். தேடுசொற்களை யோசிக்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் இல்லாத கட்டுரைக்குத் தலைப்பு, ஆசிரியர், இதழ், பக்க எண் எல்லாம் கச்சிதமாகக் கொடுத்துவிடும். அது தரும் ஒவ்வொன்றையும் பப்மெட்டிலோ, கட்டுரைக்கு நிரந்தர அடையாளமாக இருக்கும் டி.ஓ.ஐ. எண் வைத்தோ தேடி, கண்ணால் பார்த்த பிறகு மட்டும் எழுதுங்கள்.

வேலூரில் எங்கே போகலாம்? சி.எம்.சி.யின் டாட் நினைவு நூலகம் இருக்கிறது. அந்தக் கல்லூரி 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக ஐடா ஸ்கடர் தொடங்கியது. அடுக்கம்பாறையில் அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2005இல் வந்தது. கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம். ரசாயனம், சுற்றுச்சூழல் பக்கத்து இதழ்களுக்கு வி.ஐ.டி. இவை எல்லாமே முதலில் தங்கள் மாணவர்களுக்கும் பணியாளர்களுக்கும்தான். வெளி ஆள் போக உங்கள் கல்லூரி முதல்வரிடமிருந்து தலைப்பு, தேவை, நாட்கள் குறிப்பிட்ட ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரி அடையாள அட்டை, ஆதார் நகல், புகைப்படம் கையில் இருக்கட்டும். உங்கள் நூலகரை விட்டு அந்த நூலகத்துக்கு முதலில் போன் போடச் சொல்லுங்கள். நேராகப் போய் செக்யூரிட்டியிடம் விளக்கிக்கொண்டு நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். அனுமதி கிடைத்தாலும் உட்கார்ந்து படிக்கத்தான், வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்த இதழ், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று பட்டியலோடு போங்கள். பழைய இதழ்கள் பைண்டு வால்யூமாக உள் அடுக்குகளில் இருக்கும், எடுத்துத் தர நேரம் பிடிக்கும். காலையில் போய் முதல் வேலையாகச் சீட்டைக் கொடுத்துவிடுங்கள்.

காசு கேட்கும் கட்டுரைகள் பற்றி. மத்திய அரசின் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 தொடக்கத்திலிருந்து நடக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்கள் பார்க்கலாம், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் முதல் கட்டம் அரசுக் கல்லூரிகளுக்கு மட்டும். உங்களுடையது தனியார் கல்லூரி என்றால் அந்தக் கதவு இப்போதைக்குத் திறக்காது. நம் பக்கத்து நர்சிங் கல்லூரிகளில் தனியார்தான் எத்தனையோ இருக்க, அவர்களை வெளியே நிறுத்தியது எனக்கு ஒப்பவில்லை. தோழியின் பாஸ்வேர்டை வாங்கிப் போடாதீர்கள், மாட்டினால் அவர்கள் கல்லூரி இணைப்பையே துண்டிப்பார்கள்.

வேறு வழிகள் உண்டு. பப்மெட்டில் இலவச முழுக் கட்டுரை என்ற வடிகட்டி இருக்கிறது, ஆனால் அதைக் கடைசியில்தான் போட வேண்டும். தொடக்கத்திலேயே போட்டால் முக்கியமான கட்டுரை இருப்பதே தெரியாமல் போய்விடும். 1913இலிருந்து வரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழ் முழுதும் திறந்ததுதான். அன்பேவால் என்ற சிறு நீட்சியை பிரவுசரில் போட்டுக்கொண்டால், பதிப்பகம் பூட்டி வைத்த கட்டுரை வேறு இடத்தில் சட்டப்படி இலவசமாக இருந்தால் காட்டும். நூலகங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் டெல்நெட் வலையமைப்பில் உங்கள் கல்லூரி உறுப்பினரா என்று நூலகரிடம் கேளுங்கள். உறுப்பினர் என்றால் வேறு நூலகத்திலிருந்து நகல் வரவழைத்துத் தருவார், சில நாள் ஆகும்.

இதற்கும் மசியாத கட்டுரைக்கு, சுருக்கத்தின் பக்கத்தில் தொடர்பு ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். நான்கு வரி எழுதுங்கள்: நீங்கள் யார், எந்தக் கல்லூரி, என்ன ஆய்வு, இந்தக் கட்டுரையின் பி.டி.எஃப். வேண்டும். கெஞ்ச வேண்டாம், வாழ்க்கை வரலாறும் வேண்டாம். கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதிலிருந்து அனுப்புங்கள். தன் கட்டுரையை ஆம்பூரில் ஒருவர் படிக்கக் கேட்கிறார் என்றால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகவே அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஒரு தடவை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் விட்டுவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விடுங்கள்.